மாணவர்களை ஜெர்மனிக்கு அழைத்துப் போன ஆசிரியர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். பெங்களூருவில் ஒரு கட்டடக்கலைக் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். வரும் மே மாதம் நான்காம் ஆண்டுப் பிள்ளைகளை வைமார், டெசாவ், பெர்லின் என்று அழைத்துப் போகும் பொறுப்பு என் தலையில். 1919-ல் வைமாரில் தொடங்கி 1925-ல் டெசாவுக்கு இடம் மாறிய பௌஹவுஸ் என்ற கலை, வடிவமைப்புப் பள்ளிதான் பயணத்தின் மையம். பாடத்தைப் பற்றிக் கவலையே இல்லை.

விசாதான் இழுக்கிறது. 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும், இதெல்லாம் தெரியும். ஆனால் பாதிப் பேருக்குப் பாஸ்போர்ட்டே இன்னும் கைக்கு வரவில்லை. கைரேகை கொடுக்கக் குழுவாக ஒரே நாளில் நேரம் வாங்க முடிந்ததா, இல்லை ஆளுக்கொரு நாள் அலைந்தீர்களா? யாருக்காவது விசா மறுக்கப்பட்டால் கட்டிய பணத்தை என்ன செய்தீர்கள்?

அப்புறம், ஓசூரிலிருந்து ஒரு அம்மா போனில் கேட்டார்: “சார், அங்க போய் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா நீங்க கூட இருப்பீங்களா, மத்தவங்களைக் கூட்டிட்டுப் போயிடுவீங்களா?” நியாயமான கேள்வி. கல்லூரியோ ஒரு ஆசிரியருக்குத்தான் செலவு தருமாம். துணைக்கு ஒரு ஆசிரியை இல்லாமல் கிளம்புவதில்லை என்று நான் பிடிவாதமாக இருக்கிறேன். உங்கள் நிர்வாகத்தை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள்?

பெற்றோரிடம் வாங்கிய ஒப்புதல் கடிதத்தின் மாதிரி இருந்தால், பெயர்களை அழித்துவிட்டு அனுப்புங்கள். அல்சூர், இந்திராநகர் பக்கம் இருப்பவர்கள் என்றால் நேரிலேயே வருகிறேன், காபி என் செலவு.