வயல்வெளியில் இறங்கிய டொர்னாடோ: கட்டடமே குறைவான தடத்துக்கு ஈஎஃப் அளவை எப்படி முடிவு செய்வது?

வரப்புநடை:
தடத்தின் நீளம் சுமார் 11 கி.மீ. பெரும்பகுதி சோளக்காடும் புல்வெளியும்தான். இடையில் சட்டகமும் பலகையுமாகக் கட்டிய இரண்டு பண்ணை வீடுகள், ஒரு மரக் கொட்டகை, தானியம் சேர்க்கும் மூன்று தகரக் குதிர்கள், ஒரு மரவரிசை, மர மின்கம்பங்கள். ஒரு வீட்டில் கூரை போய்விட்டது, சுவர்கள் நிற்கின்றன. மற்றதில் ஓடுகள் மட்டும் பறந்திருக்கின்றன. கொட்டகை தரைமட்டம். காலிக் குதிர் ஒன்று 300 மீட்டர் தள்ளிக் கிடக்கிறது. கொட்டகையும் குதிரும் கிடக்கும் கோலத்தைப் பார்த்து ஈஎஃப்3 (சேதத்தை வைத்து டொர்னாடோவுக்கு 0 முதல் 5 வரை போடும் ஈஎஃப் அளவுகோலில் 3) என்கிறார்கள் சிலர். டொர்னாடோவே இல்லை, நேர்க்கோட்டுப் புயல்காற்றுதான் என்கிறார்கள் வேறு சிலர். எங்கிருந்து தொடங்குவது?

காற்றுமானி:
கொட்டகையை வைத்து ஈஎஃப்3 போட முடியாது. ஈஎஃப் அளவுகோலின் 28 சேத அடையாளங்களில் (சேதத்தை வைத்து வேகம் மதிப்பிட உதவும் கட்டட, மர வகைகள்) முதலாவதே சிறு கொட்டகைதான். அது முற்றிலும் அழிந்தால்கூட எதிர்பார்க்கும் வேகம் மணிக்கு 180 கி.மீ.; கீழ்வரம்பு 151, மேல்வரம்பு 211. ஈஎஃப்3 தொடங்குவது 218-ல். இவை எல்லாம் 3 விநாடி வீச்சுக்கான மதிப்பீடுகள், கருவி வைத்து அளந்தவை அல்ல.

குதிரை (விலங்கைச் சொல்லவில்லை) இன்னும் குறைவாகவே நம்புங்கள். காலியாக இருந்தால் அது ஒரு பெரிய தகர டப்பா. அடி போல்ட் கழன்றதும் உருளும். எவ்வளவு தூரம் உருண்டது என்பது வேகத்தைச் சொல்லாது. அந்த 28-ல் குதிருக்கு இடமும் இல்லை. கனடா 2013-ல் இந்த அளவுகோலை ஏற்றபோதுதான் பண்ணைக் குதிர் போன்றவற்றைச் சேர்த்து 31 ஆக்கியது.

உங்களிடம் உள்ள நல்ல சாட்சி அந்தக் கூரை போன வீடுதான். கூரையின் பெரும்பகுதி போய், பெரும்பாலான சுவர்கள் நின்றால் எதிர்பார்ப்பு 196, வரம்பு 167 முதல் 229. இந்த வரம்புக்குள் எங்கே நிறுத்துவது என்பதைக் கைமரம் சுவரோடு சேரும் இடம் சொல்லும். இரண்டு மூன்று ஆணியைச் சாய்வாக அடித்து விட்டிருந்தால் எதிர்பார்ப்புக்குக் கீழே இறங்குங்கள். உலோகப் பட்டை போட்டு, அந்தப் பட்டையே கிழிந்திருந்தால் மேலே போகலாம். வண்டிக் கொட்டிலின் அகலக் கதவு முதலில் உள்ளே மடங்கியதா என்றும் பாருங்கள். அது போனால் காற்று உள்ளே புகுந்து கூரையைக் கீழிருந்து தள்ளும், குறைந்த வேகமே போதும்.

அடித்தளம் துடைத்ததுபோல் இருந்தால் உடனே ஈஎஃப்5 என்று குதிப்பவர்களும் உண்டு. அடிச்சட்டத்தை ஆங்கர் போல்ட் பிடித்திருந்ததா, போல்ட்டில் நட்டும் வாஷரும் இருந்தனவா, இல்லை வெறும் ஆணிதானா? பத்தடி தள்ளி உள்ள புதர் இலை உதிராமல் நின்றால் அந்த வீடு பலவீனமாக இருந்தது என்றே பொருள்.

வேர்மண்:
டொர்னாடோவா இல்லையா என்பதற்கு மரவரிசையிடம் போங்கள், அதுவும் ரம்பக்காரர்கள் வருவதற்குள். சாலையைத் திறக்க வெட்டிப்போட்டால் திசை போய்விடும்.

சாய்ந்த ஒவ்வொரு மரத்துக்கும் வேரிலிருந்து உச்சி நோக்கிக் காம்பஸ் திசை, ஜிபிஎஸ் புள்ளி, மர வகை, எங்கே முறிந்தது. ஒன்றின்மேல் ஒன்று கிடந்தால் அடியில் இருப்பது முதலில் விழுந்தது. எல்லாம் ஒரே திசையிலோ விசிறிபோல் விரிந்தோ கிடந்தால் நேர்க்காற்று. இருபுறத்து உச்சிகளும் ஒரு நடுக்கோட்டை நோக்கிக் குவிந்தால் சுழல். வட அரைக்கோளத்தில் சுழற்சி பெரும்பாலும் இடஞ்சுழி என்பதால், தடம் நகரும் திசையைப் பார்த்து நின்றால் வலப்புறத்தில் சுழல்வேகமும் நகர்வேகமும் சேர்ந்துகொள்ளும். சேதம் அங்கே அதிகம். குவியும் கோடு சற்று இடப்பக்கம் ஒதுங்கியிருக்கும்.

அகன்ற இலை மரத்துக்கு எதிர்பார்க்கும் வேகம், மணிக்கு கி.மீ.யில்: வேரோடு சாய்வது 146, அடிமரம் முறிவது 177, பட்டை உரிந்து பெருங்கிளைகளின் அடிக்கட்டைகள் மட்டும் நிற்பது 230. ஈரமண்ணில் ஆழமில்லாத வேர் இதற்கு முன்பே பெயரும், உளுத்த அடிமரமும் அப்படியே. முறிந்த வாயை உற்றுப் பார்க்காமல் எண்ணை எழுத வேண்டாம்.

வரப்புநடை:
நன்றி. மரங்கள் குவிகின்றன, அதனால் சுழல்தான். ஆனால் கடைசி 4 கி.மீ.யில் வெறும் பயிர். அங்கே என்ன எழுதுவது?

காற்றுமானி:
அடையாளம் ஒன்றும் இல்லாத இடத்துக்கு வேகம் எழுதக்கூடாது. தடம் முழுக்க அப்படி இருந்தால் அமெரிக்காவில் ஈஎஃப்யு, அதாவது 'அறியப்படாதது' என்று போடுவார்கள். உங்களுக்கு மற்ற பகுதி இருப்பதால் அதன் உச்சமே மொத்தத் தடத்தின் அளவு. இந்தப் பகுதியிலிருந்து நீளமும் அகலமும் எடுங்கள். தடத்தை வெட்டும் ஒவ்வொரு சாலையிலும் இரு விளிம்பையும் நடுவையும் குறியுங்கள். நடுவே ட்ரோன். சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களில் ஒரு புள்ளி 10 மீட்டர், மடிந்த பயிரின் கோடு தெரியும். மேகமும் அறுவடையும்தான் எதிரி.

கிடைத்த அளவு ஒரு கீழ்வரம்பு என்பதை அறிக்கையிலேயே எழுதுங்கள். 2013 மே 31 அன்று ஓக்லஹோமாவின் எல் ரீனோவில் 4.2 கி.மீ. அகலத்துக்கு ஒன்று போனது. நடமாடும் ரேடார் ஈஎஃப்5 வரம்பைத் தாண்டிய காற்றை அளந்தும், தரையில் கிடைத்த சேதத்தை வைத்து ஈஎஃப்3 என்றே நின்றது. மாறாக, நார்த் டகோட்டாவின் எண்டர்லினில் 2025 ஜூன் 20 அன்று வந்ததை முதலில் ஈஎஃப்3 என்றார்கள். தூக்கி எறியப்பட்ட ரயில் பெட்டிகளைக் கணக்கிட்ட பிறகு அது ஈஎஃப்5 ஆனது. பட்டியலில் இல்லாத பொருளானாலும் எடையும் அளவும் தெரிந்தால் பொறியாளருக்கு உதவும். குதிரின் எடை, அடி போல்ட்களின் எண்ணிக்கை, உள்ளே தானியம் இருந்ததா என்பதையும் குறித்து வையுங்கள்.

ஆணிப்பலகை:
ஒரு எச்சரிக்கை: அளவு வேறு, நிவாரணக் கணக்கு வேறு. ஈஎஃப்1 தடத்திலும் ஒரு குடும்பம் வீட்டை இழக்கும். அமெரிக்கப் பேரிடர் நிவாரண அமைப்பான ஃபெமா, வீடுகளை முற்றிலும் அழிந்தது, பெருஞ்சேதம், சிறுசேதம், பாதிப்பு, போக முடியாதது என்று பிரிக்கிறது. அந்தப் படிவத்தில் காற்றுவேகத்துக்கு வேலை இல்லை. குடியிருக்க முடியுமா, எவ்வளவு பழுது என்பதுதான் கேள்வி. இரண்டையும் ஒரே ஆள் செய்தாலும் தனித்தனித் தாளில் எழுதட்டும்.

கிராமத்தில் விட்டுப்போவது வீட்டுக்கு வெளியே உள்ளவை: வேலி, கிணற்று மோட்டார், கழிவுநீர்த் தொட்டி, மேய்ச்சல் நிலத்தில் சிதறிய ஆணியும் தகரமும். மாடு ஆணியை விழுங்கினால் அது இரைப்பையைக் குத்தும், அறுவடை இயந்திரமும் தகரத்தில் மாட்டும். எந்த வயலில் எவ்வளவு சிதறல் என்று வரைபடத்தில் குறித்து உரிமையாளரிடம் கொடுங்கள்.

பெரிய எரிவாயுத் தொட்டி இடம் பெயர்ந்திருந்தால் வாசனை இல்லாவிட்டாலும் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்திலிருந்தே நெருங்குங்கள். வால்வைத் திருகிப் பார்க்கக் கூடாது. கீழே கிடக்கும் மின்கம்பி செத்துவிட்டது என்று மின்வாரிய ஆள் சொல்லும்வரை உயிரோடு இருப்பதாகவே வையுங்கள். அது உரசும் கம்பிவேலியும் அப்படித்தான், கிலோமீட்டர் தள்ளி நின்று தொட்டாலும் அடிக்கும்.