ஒப்பந்தம் முடிந்தால் வேலை போனதாகுமா?

மேடைவிளக்கு:
நேற்று இந்த இணைய மன்றத்தில் ஓர் உறுப்பினர், "சுயதொழில் செய்பவர் இரண்டு ஒப்பந்தங்களுக்கு இடையில் வேலையின்மை உதவி கேட்பது, சிங்கப்பூர்த் தேக்காவில் தீபாவளிச் சந்தையில் கடை போட்டவர் பண்டிகைக்கு மறுநாள் கடை போய்விட்டதே என்று அழுவதைப் போன்றது" என்று எழுதியிருந்தார். அந்த வரி என்னைத் தூங்கவிடவில்லை. 22 ஆண்டுகளாக நிகழ்ச்சிகளுக்கு ஒளியமைப்பு செய்து பிழைக்கிறேன். ஆடி மாதத்தில் நம்மவர் திருமணம் ஒன்றும் நடப்பதில்லை. சீனர்கள் ஆவிகளுக்காக ஏழாம் மாதத்தில் போடும் பாட்டு மேடைகள் கிடைத்தால் அந்த மாதம் தப்பும், கிடைக்காவிட்டால் மின்கட்டணத்துக்கே யோசிக்க வேண்டும். சந்தைக் கடைக்காரருக்கு அடுத்த தீபாவளி எந்த நாள் என்று தெரியும். எனக்கு அடுத்த மேடை எந்த நாள் என்று யார் சொல்வார்கள்?

கணக்குப்புத்தகம்:
அந்த வரியை எழுதியவன் நான்தான். அதில் ஓர் எழுத்தையும் மாற்றமாட்டேன். 2025 ஏப்ரலில் நடப்புக்கு வந்த ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டம், தம் விருப்பமின்றி வேலையை இழந்தவர்களுக்கு ஆறு மாதங்களில் அதிகபட்சம் 6,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) தருகிறது. ஆட்குறைப்பு, நிறுவனம் மூடப்படுதல், பணிநீக்கம், நோய் அல்லது விபத்தால் வேலையிலிருந்து நிறுத்தப்படுதல் ஆகியவையே அதில் சொல்லப்படும் காரணங்கள். ஒப்புக்கொண்ட வேலையைச் செய்து முடித்துப் பணமும் பெற்றுக்கொண்டவர் இவற்றுள் எதில் அடங்குவார்? முடியும் நாளைத் தெரிந்துகொண்டுதானே கையெழுத்திட்டீர்கள்?

மேடைவிளக்கு:
முடியும் நாள் தெரியும் ஐயா, அடுத்தது தொடங்கும் நாள்தான் தெரியாது. நீங்கள் முதல் பாதியை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்கிறீர்கள். ஆட்குறைப்புக் கடிதம் பெற்ற ஊழியருக்கும் கடைசி நாள் எது என்று அந்தக் கடிதத்திலேயே எழுதியிருக்கும். அவருக்கும் நாள் தெரிந்துவிட்டது என்பதற்காக உதவியை மறுப்பீர்களா? அவருக்கு முதல் மாதம் 1,500 வெள்ளி வரையும், அடுத்த மாதம் 1,250 வெள்ளி வரையும், மூன்றாம் மாதம் 1,000 வெள்ளி வரையும், அதன்பின் மாதத்துக்கு 750 வெள்ளி வரையும் கிடைக்கிறது. அதே நிறுவனத்தின் ஆண்டு விருந்துக்கு விளக்கு கட்டிய எனக்கு, அந்த விருந்தே இனி இல்லை என்ற தகவல்கூட யாரோ சொல்லித்தான் வருகிறது.

வரைகலைக்காரி:
இதில் முதலில் தெளிவாக வேண்டியது, யார் சுயதொழிலர் என்பது. மூன்று ஆண்டுகளாக ஒரே விளம்பர நிறுவனத்துக்குத்தான் வேலை செய்கிறேன். காலை ஒன்பது மணிக்கு அவர்களுடைய அலுவலகத்தில் இருக்க வேண்டும், அவர்களுடைய கணினியில்தான் வேலை, வெளி வேலை எடுப்பதென்றால் அவர்களைக் கேட்க வேண்டும். இருந்தும் ஒப்பந்தத்தில் என்னைச் சுயதொழிலர் என்கிறார்கள். மத்திய சேம நிதி என்னும் கட்டாயச் சேமிப்பு இல்லை, மருத்துவ விடுப்பு இல்லை. வேலையைக் கட்டுப்படுத்துவது யார், கருவிகளைத் தருவது யார், லாப நட்டம் யாருடையது என்று பார்த்தல்லவா முடிவு செய்ய வேண்டும்? என்னைப் போன்றவர் உண்மையில் ஊழியர்தான் என்றால், இந்த விவாதத்தில் பாதி தேவையே இல்லையே?

ஈசூன்வாசி:
அதெல்லாம் வழக்கறிஞர் பார்க்க வேண்டியது அம்மா. கேள்வி எளிமையானது. 55 வயது வரை என்னைப் போன்ற ஊழியரின் சம்பளத்தில் 20 விழுக்காடு மத்திய சேம நிதிக்குப் போகிறது, முதலாளி 17 விழுக்காடு போடுகிறார். நீங்கள் எல்லாவற்றையும் கையில் வாங்கிக்கொள்கிறீர்கள். கட்டாதவருக்கு எதற்குக் காப்பு?

மேடைவிளக்கு:
ஈசூன்வாசி, தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதாதீர்கள். இந்த உதவித்தொகை மத்திய சேம நிதியிலிருந்து வருவதன்று. அரசாங்கப் பணத்திலிருந்து வருகிறது. பொருள்சேவை வரியை நானும்தான் கட்டுகிறேன். ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் சுயதொழிலரும் மருத்துவச் செலவுக்கான மெடிசேவ் கணக்கில் பணம் போட்டாக வேண்டும் என்பதாவது உங்களுக்குத் தெரியுமா? உங்களுக்காக 17 விழுக்காடு போட ஒருவர் இருக்கிறார். எனக்கு யாரும் இல்லை. அதையே என்மீது குற்றமாகச் சாட்டுகிறீர்கள்.

கணக்குப்புத்தகம்:
சேம நிதியை விடுங்கள், அது வேறு விவாதம். முடியும் நாள் தெரிந்திருந்ததா, இல்லையா? இதற்கு மட்டும் நேராகப் பதில் சொல்லுங்கள். இன்னொன்றையும் நினைவூட்டுகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே இடத்தில் மாதச் சம்பளக்காரர்களைக் கூண்டுக்கிளிகள் என்று எழுதியவர் நீங்கள். யாரிடமும் கைகட்டி நிற்காத தொழில் என்று அன்று பெருமை பேசினீர்கள். கூண்டு வேண்டாம், கூண்டில் வைக்கும் தீனி மட்டும் வேண்டுமா?

மேடைவிளக்கு:
அன்று எழுதியதை இன்றும் மறுக்கவில்லை. என் தொழிலைப் பற்றி எனக்குப் பெருமை உண்டு, அதை யாரிடமும் மறைக்கப் போவதில்லை. ஆனால் 2020இல் என்ன நடந்தது என்பதை மறந்துவிட்டுப் பேசாதீர்கள். ஏப்ரல் 7ஆம் தேதி கொவிட் கிருமிப்பரவல் முறியடிப்புத் திட்டம் என்ற முடக்கம் தொடங்கியபோது என் நாட்குறிப்பில் 14 நிகழ்ச்சிகள் இருந்தன, ஒன்றுகூட மிஞ்சவில்லை. அப்போது சுயதொழிலருக்கான வருமான நிவாரணத் திட்டத்தின்கீழ் மே, ஜூலை, அக்டோபர் ஆகிய மூன்று மாதங்களில் மும்மூவாயிரமாக 9,000 வெள்ளி கொடுத்தார்கள். அந்தப் பணத்தில்தான் வீட்டுத் தவணையைக் கட்டினேன். அரசாங்கம் மனம் வைத்தால் சுயதொழிலரின் வருமானத்தைக் கணக்கிடவும், யாருக்குத் தேவை என்று பார்க்கவும், வங்கிக் கணக்கில் பணம் சேர்க்கவும் முடியும் என்பதை அந்த ஆண்டு காட்டிவிட்டது. முடியாது என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

கணக்குப்புத்தகம்:
அது கொள்ளைநோய்க் காலம். நாடே மூடியிருந்தது, ரத்தான நிகழ்ச்சிகளை நீங்கள் ரத்து செய்யவில்லை. அதை ஆடி மாதத்தோடு ஒப்பிடுவது நியாயமன்று. ஆடி ஆண்டுதோறும் வருகிறது, முன்கூட்டியே தெரிந்துதான் வருகிறது. மார்கழியில் சேர்த்து வைப்பதுதானே?

தெம்பனிஸ் வாசகர்:
அண்ணே, மார்கழியிலும் நம்மவர் திருமணம் நடப்பதில்லை. எழுதுமுன் நாட்காட்டியைப் பாருங்கள்.

கணக்குப்புத்தகம்:
டிசம்பர் மாதத்து நிறுவன விருந்துகளைச் சொன்னேன், திருமணத்தைச் சொல்லவில்லை. ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குவதற்கென்றே சிலர் வருகிறார்கள்.

தெம்பனிஸ் வாசகர்:
ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நேற்றிலிருந்து தொங்குவது யார் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

ஈசூன்வாசி:
அமெரிக்காவையும் பாருங்கள். அங்கு வழக்கமான வேலையின்மைக் காப்புறுதி, முதலாளிகள் கட்டும் வரியில் நடப்பதால் சுயதொழிலருக்குக் கிடையாது. 2020இல் கொள்ளைநோய்க்காகத் தனித் திட்டம் போட்டு அவர்களையும் சேர்த்தார்கள், 2021 செப்டம்பரில் நிறுத்திவிட்டார்கள். பணக்கார நாடே தொடரவில்லை.

மேடைவிளக்கு:
அமெரிக்கா தெரிந்த உங்களுக்கு டென்மார்க் தெரியவில்லையா? அங்கு சுயதொழில் செய்பவரும் சந்தா கட்டி வேலையின்மை நிதியில் சேரலாம். நான் இலவசம் கேட்கவில்லை. எங்களுக்கும் அப்படி ஒரு நிதி வைத்தால் மாதந்தோறும் கட்டத் தயார் என்று இந்தத் திட்டம் பற்றிய பேச்சு எழுந்த நாளிலிருந்து சொல்லி வருகிறேன். உங்களில் யாரும் அதைக் காதில் வாங்கவில்லை.

கணக்குப்புத்தகம்:
அந்த நிதியிலும் தொழிலை மூடினால்தான் பணம் கிடைக்கும். நீங்கள் தொழிலை மூடவில்லையே, அடுத்த அழைப்புக்காகக் காத்திருக்கிறீர்கள். காத்திருப்பது வேலையிழப்பு ஆகாது. மேலும் உங்களுக்கு வேலையில்லாத மாதம் எது, நீங்களாக ஓய்வெடுத்த மாதம் எது என்று யார் கண்டறிவது? மூன்று வாரம் ஊருக்குப் போய்வந்துவிட்டு, ஒப்பந்தம் இல்லை என்று படிவம் நிரப்புகிறவர் இருக்கமாட்டாரா?

மேடைவிளக்கு:
இதுதான் உங்கள் மனத்தில் உள்ளது. சம்பளக்காரர் வேலை தேடினால் தேடல், நாங்கள் தேடினால் ஓய்வு. அந்தத் திட்டத்தில் இருப்பவர் மாதந்தோறும் விண்ணப்பம் அனுப்பியதையும் பயிற்சிக்குச் சென்றதையும் காட்டித்தான் பணம் பெறுகிறார். நானும் காட்டுகிறேன். விலைப்புள்ளி அனுப்பிய மின்னஞ்சல்கள் ஒரே மாதத்தில் 30 இருக்கின்றன, பதில் வந்தது இரண்டுக்கு. ஊருக்குப் போனேன் என்கிறீர்களே, என் அம்மாவின் காரியத்துக்குப் போனதைத் தவிர ஆறு ஆண்டுகளாக நான் எங்கும் போகவில்லை.

கணக்குப்புத்தகம்:
உங்கள் தாயாரைக் குறித்து நான் எதுவும் சொல்லவில்லை. பொதுவாகச் சொன்னதை உங்கள்மீது இழுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

வரைகலைக்காரி:
என் கேள்விக்கு இதுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை. என் ஒப்பந்தம் ஆண்டுதோறும் மார்ச் 31இல் முடிகிறது, ஏப்ரல் 1இல் புதுப்பிக்கிறார்கள். இந்த முறை புதுப்பிக்காவிட்டால், நான் ஒப்பந்தம் முடிந்தவளா, வேலை போனவளா?

கணக்குப்புத்தகம்:
மார்ச் 31 என்று எழுதியிருக்கிறதல்லவா? அப்படியென்றால் முடியும் நாள் தெரியும்.

மேடைவிளக்கு:
பார்த்தீர்களா, மூன்று ஆண்டுகள் அவர்கள் நாற்காலியிலேயே உட்கார்ந்து வேலை செய்த பெண்ணுக்கும் இவரிடம் இருப்பது அதே ஒரு வரிதான். தங்கச்சி, உங்கள் ஒப்பந்தத்தின் நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப்புத்தகம் ஐயா, நாளை மாலை எனக்கு ஒரு மேடை இருக்கிறது, அதை முடித்துவிட்டு வந்து எழுதுகிறேன். அதற்குள் அடுத்தது தொடங்கும் நாளைப் பற்றி ஒரு வரியாவது எழுதி வையுங்கள்.

கணக்குப்புத்தகம்:
நாளைய மேடை எத்தனை மணிக்கு முடியும் என்று உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?