புதுப்பிப்பு: சாந்தோ தோமிங்கோ, சான் ஹுவான் பயணம் முடிந்தது

சிறு குழுச் சுற்றுலாவில் டொமினிக்கன் குடியரசின் தலைநகர் சாந்தோ தோமிங்கோ, அமெரிக்க ஆட்சிப்பகுதியான புவேர்ட்டோ ரிக்கோவின் தலைநகர் சான் ஹுவான் ஆகிய இவ்விரு கரீபியப் பழைய நகரங்களையும் தலா இரண்டு நாள்களில் பார்த்துவிட முடியுமா என்று சென்ற மாதம் இங்கே கேட்டிருந்தேன். திரும்பி வந்துவிட்டதால் விடையை நானே எழுதுகிறேன்.

சாந்தோ தோமிங்கோவுக்கு இரண்டு நாள்கள் போதவில்லை. 1990 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கும் அதன் பழைய நகர்ப் பகுதியை நடந்தே பார்த்துவிடலாம் என்றாலும், 16ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பவளச் சுண்ணாம்புக் கல்லால் எழுப்பப்பட்ட பேராலயத்தில் மட்டும் எனக்கு அரைநாள் கழிந்தது. முகப்பு மறுமலர்ச்சிக் காலப் பாணியிலும் உள்ளே கூரையின் விலா வளைவுகள் அதற்கும் முந்தைய கோதிக் பாணியிலும் அமைந்திருப்பதால், வாயிலைக் கடக்கும்போதே காலம் பின்னோக்கி நகர்கிறது. கொலம்பஸின் மகன் தியேகோவின் மாளிகையையோ அவசரமாகத்தான் பார்த்தேன். வழிகாட்டி எங்களை ஒரு நகைக்கடையில் ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்ததே அதற்குக் காரணம். பன்னிரண்டு பேர் கொண்ட குழுவென்றால் கடைக்கு அழைத்துப் போக மாட்டார்கள் என்று நான் நம்பியது தவறு.

சான் ஹுவானுக்கு இரண்டு நாள்கள் தாராளம். 1539இல் தொடங்கப்பட்ட எல் மோரோ கோட்டை, அமெரிக்கக் கண்டங்களில் ஸ்பானியர் கட்டியவற்றுள் மிகப் பெரிய கோட்டையான சான் கிறிஸ்தோபல் ஆகிய இரண்டுக்கும் ஒரே நுழைவுச்சீட்டு போதும். இரும்பு உருக்கும்போது மிஞ்சும் கசடில் வார்த்த நீலநிறக் கற்கள் பாவிய தெருக்கள் மழையில் வழுக்குகின்றன; பிடிமானமுள்ள காலணி அவசியம். புவேர்ட்டோ ரிக்கோவுக்கு அமெரிக்க விசா தேவை என்பதை, முன்பு கேட்ட நண்பருக்காக மீண்டும் குறிப்பிடுகிறேன்.