பேட்டரி இல்லாத உடல் சென்சார்: பார்த்தவர்கள், பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்

காட்பாடிக்காரன்:
கல்லூரி புராஜெக்ட்டுக்காக பேட்டரியே இல்லாத வெப்பநிலை சென்சார் ஒன்று செய்தோம். செம்புச் சுருள், ஒரு சிப், அவ்வளவுதான். பள்ளிகொண்டா டோல்கேட்டில் ஃபாஸ்டேக் வேலை செய்கிற அதே கதை. ஸ்டிக்கருக்குள் பேட்டரி கிடையாது, ரீடர் அனுப்பும் அலையிலேயே விழித்துக்கொண்டு பதில் சொல்லும். எங்களுக்கு ரீடர், போனில் இருக்கும் என்எஃப்சி, அதாவது பக்கத்தில் வைத்தால் மட்டும் பேசிக்கொள்ளும் ரேடியோ, 13.56 மெகாஹெர்ட்ஸ். மேஜை மேல் அருமையாகப் படித்தது. நண்பன் கையில் ஒட்டியதும் சென்சாருக்குப் பேச்சு மூச்சில்லை! உடம்பில் இருக்கும் தண்ணீரும் உப்பும் சுருளின் அதிர்வெண்ணை நகர்த்திவிடுகின்றன. மே மாத வேலூர் வியர்வை வேறு. சுருளோடு சேர்ந்து அதிர்வெண்ணைத் தீர்மானிக்கும் கெபாசிட்டரை மாற்றி, தோலுக்கும் சுருளுக்கும் நடுவே மெல்லிய சிலிக்கோன் ஷீட் வைத்த பிறகுதான் வழிக்கு வந்தது. இரும்பு பீரோவில் ஒட்டினால் மட்டும் கடைசிவரை படிக்கவே இல்லை. நிஜ நோயாளிகளிடம் பார்த்தவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

குடியாத்தம் அம்மா:
சென்சார் செய்யத் தெரியாது தம்பி, ஒயரோடு பட்ட பாடு தெரியும். என் பையன் குறைமாதத்தில் பிறந்து வேலூரில் பச்சிளங்குழந்தை ஐசியுவில் இருந்தான். மார்பில் ஒயர்கள், பாதத்தில் சிவப்பு விளக்கு எரியும் பட்டை. பிளாஸ்திரியை மாற்றும்போது நர்ஸ் பஞ்சை நனைத்து நனைத்து ஓரத்திலிருந்து எடுப்பார், அப்படியும் தோல் சிவந்துவிடும். அவனை மாரோடு அணைத்துப் படுக்க வேண்டும் என்றால் ஒயர்களை ஒதுக்கித் தர ஒருவர் கூடவே நிற்க வேண்டும். சிகாகோ பக்கம் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஜான் ராஜர்ஸ் குழு 2019-ல் இதற்கு வழி செய்ததைப் பிற்பாடு படித்தேன். மார்பில் ஒரு சென்சார், பாதத்தில் ஒன்று, இரண்டிலும் பேட்டரி இல்லை. மெத்தைக்கு அடியில் இருக்கும் ஆண்டெனாதான் மின்சாரம் தருகிறது. இது நம்ம ஊர் வார்டுகளுக்கு எப்போது வரும்?

ராணிப்பேட்டை மகன்:
அப்பாவுக்குக் கையில் ஒட்டும் சுகர் சென்சார் வாங்கினோம். போனைப் பக்கத்தில் கொண்டுபோனால் அளவு காட்டும். பேட்டரி இல்லாதது என்று பலர் நினைக்கிறார்கள். உள்ளே ஒரு பொத்தான் பேட்டரி இருக்கிறது. போன் இல்லாத நேரத்திலும் விடாமல் அளக்க வேண்டுமே. உண்மையாகவே பேட்டரி இல்லாதது எவர்சென்ஸ் மாதிரி தோலுக்கு அடியில் வைப்பது. 2018-ல் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் அனுமதி கிடைத்தது. அதற்கும், தோலின் மேலே ஒட்டும் டிரான்ஸ்மிட்டர்தான் சக்தி தருகிறது. அதைக் கழற்றினால் அளப்பதும் நின்றுவிடும், அதற்குச் சார்ஜும் போட வேண்டும். பேட்டரி எங்கேயும் போகவில்லை, இடம் மாறியிருக்கிறது.

எங்கள் வீட்டுத் தொல்லை வேறு. அப்பா போனில் என்எஃப்சி கிடையாது. பேரன் பள்ளிக்கூடம் விட்டு வந்தால்தான் தாத்தாவின் சுகர் தெரியும். சென்சார் எட்டு மணி நேரம்தான் நினைவில் வைத்திருக்கும், அதனால் காலையில் ஒரு துண்டு காணாமல் போகிறது. இட்லிக்கு அப்புறம் எவ்வளவு ஏறியது என்பது அந்தத் துண்டில்தான் இருக்கும், அப்பாவுக்கு அதில் கொஞ்சம் சந்தோஷமும்கூட.

வார்டில் இருந்தவள்:
ராணிப்பேட்டைத் தம்பி சொன்னது சரி. இதய நோயாளிகளுக்குக் கார்டியோமெம்ஸ் என்று பேட்டரி இல்லாத சென்சார் ஒன்று, 2014-ல் எஃப்டிஏ அனுமதித்தது. நுரையீரல் தமனிக்குள் வைப்பார்கள். சுருளும் கெபாசிட்டரும்தான். ரத்த அழுத்தம் மாறினால் அதிர்வெண் மாறும். நோயாளி வீட்டில் ஆண்டெனா வைத்த தலையணையில் படுத்தால் அளவு டாக்டருக்குப் போய்விடும். இதய செயலிழப்பு இருப்பவருக்கு ஒரு நாளில் ஒரு முறை பார்த்தால் போதும், அதனால் பொருந்துகிறது. ஐசியு குழந்தைக்கு ஒரு நிமிடம்கூட விட முடியாது. அம்மா தூக்கிக்கொண்டு ஆண்டெனாவை விட்டுத் தள்ளிப் போனால்? அந்த நார்த்வெஸ்டர்ன் குழுவே 2020-ல் பேட்டரி பொருத்தக்கூடிய வடிவத்தையும் கொண்டுவந்தது.

காட்பாடித் தம்பி, உங்கள் பீரோ கதையைப் படித்ததும் எனக்குக் கட்டில்தான் ஞாபகம் வந்தது. எங்கள் வார்டில் அத்தனையும் இரும்பு. மெத்தைக்கு அடியில் ஆண்டெனா வைத்தால் நடுவில் எதைப் போடுவீர்கள் என்று யோசித்து வையுங்கள். கட்டிலை மாற்று என்று கேட்டு வாங்குவது சென்சார் வாங்குவதைவிடக் கஷ்டம்.

காட்பாடிக்காரன்:
ஃபெரைட் ஷீட் போடலாம் அக்கா. காந்த அலையை இரும்புக்குப் போகவிடாமல் திருப்பிவிடும், போன்களில் என்எஃப்சி சுருளுக்குப் பின்னால் அதுதான் இருக்கிறது. ஒரு மெத்தை அளவுக்கு என்ன விலை ஆகும் என்று விசாரித்துவிட்டு வருகிறேன்.