வெளி ஹார்ட் டிஸ்க்கில் வேகம் நொடிக்கு 35 எம்பியைத் தாண்டவில்லை

கேள்வி: யூஎஸ்பி 3.0 என்று டிஸ்க்கிலேயே போட்டிருக்கிறது, ஆனாலும் 400 ஜிபி வீடியோவை ஏற்ற மூன்று மணி நேரத்துக்கு மேல் காட்டுகிறது. கணினியில் ஏதாவது மாற்ற வேண்டுமா?

பதில் 1: 35 எம்பி என்றாலே அது பழைய யூஎஸ்பி 2.0 வேகம். முதலில் கேபிளைப் பாருங்கள். டிஸ்க்கில் இருக்கும் சாக்கெட் அகலமாக, நடுவே ஒரு பிளவோடு இரண்டு பகுதியாக இருந்தால், பழைய போன் சார்ஜர் கேபிள்கூட அதன் பெரிய பகுதியில் கச்சிதமாகப் பொருந்திவிடும், டிஸ்க்கும் ஓடும், ஆனால் பழைய வேகத்தில்தான்.

பதில் 2: போர்ட்டையும் கவனியுங்கள். உள்ளே நீல நிறமோ பக்கத்தில் எஸ்எஸ் குறியோ பெரும்பாலும் இருக்கும். ஒரு போர்ட்டைப் பலதாக்கும் ஹப் வேண்டாம், கணினியில் நேரடியாகச் செருகுங்கள்.

கேட்டவர்: கேபிள்தான்! அகலமான கேபிளை மாட்டியதும் 115 எம்பி வருகிறது. மிக்க நன்றி. இன்னும் கூட்ட முடியுமா?

பதில் 1: சுழலும் தட்டு உள்ள டிஸ்க்குக்கு இதுவே நல்ல வேகம், அதற்கு மேல் வேண்டுமென்றால் சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டிதான். அப்புறம், ஆயிரக்கணக்கில் சின்னச் சின்ன ஃபைல்கள் இருந்தால் வேகம் குறையும், அவற்றை ஒரே ஜிப் ஃபைலாக்கி அனுப்புங்கள்.