1893 சட்டத்துக்குப் பிறகு பிரேக்மேன் கூரை ஏறினாரா, இல்லையா?

நீராவிப்பித்தன்: பக்கத்து இழையில் சட்டப்புலி எழுதியதைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. "1893இல் அமெரிக்காவில் ரயில் பாதுகாப்புச் சாதனச் சட்டம் வந்தது, காற்று பிரேக் வந்தது, சரக்கு ரயில் பிரேக்மேன் ஓடும் வண்டியின் கூரை ஏறுவது அத்தோடு நின்றது" என்கிறார். பிரேக்மேன் என்றால் பெட்டிக்குப் பெட்டி மேலே இருந்த சக்கரத்தை முறுக்கிக் கை பிரேக்கை இறுக்கும் ஆள். எங்கே நின்றது? 1910க்குப் பிறகும் மலைச்சரிவில் ஏறத்தான் செய்தார்கள்.

சட்டப்புலி: முதல் பிரிவையாவது படித்தீர்களா? பிரேக்மேன் கை பிரேக்கைத் தொடாமலேயே டிரைவர் வேகத்தைக் கட்டுப்படுத்தும் அளவுக்குப் போதுமான பெட்டிகளில் காற்று பிரேக் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. தொடாமலேயே! தொட வேண்டாதவர் எதற்குக் கூரை ஏறப்போகிறார்?

நீராவிப்பித்தன்: "போதுமான" என்றால் எத்தனை பெட்டி? அதைச் சொல்லவே 1903இல் ஒரு திருத்தம் தேவைப்பட்டது. ரயிலில் குறைந்தது 50 சதவீதப் பெட்டிகள் என்றார்கள். பிறகு மாநிலங்களிடை வணிக ஆணையம் அதை 75 ஆக்கியது, அப்புறம் 85. மிச்சத்துக்குக் கை பிரேக்தான்.

அதை விடுங்கள், நூற்றுக்கு நூறு காற்று பிரேக் என்றே வைத்துக்கொள்வோம். ரயில் நெடுக ஓடும் பிரேக் பைப்பில் சதுர அங்குலத்துக்கு 70 பவுண்டு காற்றழுத்தம். டிரைவர் 10 பவுண்டு குறைத்தால் ஒவ்வொரு பெட்டியிலும் உள்ள துணைத் தொட்டியிலிருந்து காற்று பாய்ந்து, பிரேக்கை அழுத்தும் சிலிண்டரில் சுமார் 25 ஏறும். 20 குறைத்தால் தொட்டியும் சிலிண்டரும் 50இல் சமமாகிவிடும், அதற்கு மேல் எவ்வளவு குறைத்தாலும் பிடி ஏறாது. தொட்டியைத் திரும்ப நிரப்பவேண்டுமானால் பிரேக்கை விட்டே ஆகவேண்டும். பைப்பு, தொட்டி, சிலிண்டர் மூன்றுக்கும் நடுவே காற்றைத் திருப்பிவிடும் டிரிபிள் வால்வில் ஒரு சின்னப் பள்ளம் வழியாகத்தான் காற்று நுழைகிறது. நீள ரயிலில் கடைசிப் பெட்டி நிரம்ப நிமிடக் கணக்காகும். அதற்குள் சரிவில் வேகம் பிய்த்துக்கொண்டு போகும். பயந்துபோய் தொட்டி நிரம்பும் முன்பே மறுபடி போட்டால், ஒவ்வொரு தடவையும் பிடி குறைந்துகொண்டே வரும். ஓடிப்போன ரயில்களில் பல இப்படித்தான் ஓடின.

இதற்குத்தான் ரீடெய்னர் வால்வு. கைப்பிடியைக் கிடையாகத் திருப்பினால், பிரேக்கை விட்டபிறகும் சிலிண்டரில் 15 பவுண்டு தங்கும். அந்த இடைவெளியில் தொட்டி நிரம்பிவிடும். அந்தக் கைப்பிடி என்ஜினில் இருக்கவில்லை. ஒவ்வொரு பெட்டியின் முனையிலும், கை பிரேக் சக்கரத்தின் பக்கத்தில், மேலே இருந்தது. டிரைவர் அதை எப்படித் திருப்புவார்?

சட்டப்புலி: மலையுச்சியில் ரயிலை நிறுத்தித் திருப்புவார்கள். நின்ற ரயிலில் ஏறினால் அது ஓடும் கூரை ஆகுமா?

செம்பருத்தி: நீங்கள் இருவரும் கூரையையே பிடித்துத் தொங்குகிறீர்கள். அதிகம் ஊனமாக்கியது பெட்டிகளை இணைத்த பழைய லிங்க்-பின் கொக்கி. பெட்டி வந்து மோதும் நேரத்தில் லிங்கைக் கையால் தூக்கிக் குழிக்குள் காட்டிவிட்டுக் கையை இழுத்துக்கொள்ள வேண்டும். இழுக்காதவனுக்கு விரல் போச்சு. சட்டம் செய்த பெரிய உபகாரம், பெட்டிகள் மோதினாலே தானாக மாட்டிக்கொள்ளும் தானியங்கிக் கப்ளர்.

நீராவிப்பித்தன்: யார் மறுத்தது? ஆனால் பெட்டிகளின் பிரேக் பைப்பைச் சேர்க்கும் காற்று ஹோஸை இணைக்க அதற்குப் பிறகும் இரண்டு பெட்டிக்கு நடுவே குனிந்துதான் போக வேண்டும். கப்ளரை விடுவிக்கும் நெம்புகோல் வளைந்திருந்தாலோ சங்கிலி அறுந்திருந்தாலோ பின்னைத் தூக்கவும் நடுவேதான். இழையைத் திசைதிருப்பாதீர்கள்.

செம்பருத்தி: திசைதிருப்புகிறேனா? போன மாதம் பாய்லர் இழையிலும் என்னிடம் இதே வார்த்தைதான் சொன்னீர்கள். இது என்ன உங்கள் சொந்த மேடையா?

தடம்புரளாதவன்: 1916இல் எட்டு மணி நேர வேலை வந்தபிறகு இந்தக் கொடுமையெல்லாம் தானாகக் குறைந்துவிட்டது. அதையும் சொல்லுங்கள்.

நீராவிப்பித்தன்: நீங்கள் சொல்லும் 1916 ஆடம்சன் சட்டம் கூலிக் கணக்கு. எட்டு மணியைத் தாண்டினால் கூடுதல் கூலி, அவ்வளவுதான். வேலையை நிறுத்து என்று அது சொல்லவில்லை. உச்சவரம்பு 1907 சட்டத்தில்: தொடர்ந்து 16 மணி நேரம், பிறகு 10 மணி நேர ஓய்வு. பதினாறாவது மணியில் கூரைமேல் பனிபிடித்த பலகையில் நடப்பவனிடம் போய் எட்டு மணி என்று சொல்லிப் பாருங்கள்.

தடம்புரளாதவன்: கூடுதல் கூலி கொடுக்க வேண்டிவந்தால் எந்த முதலாளி 16 மணி ஓட்டுவான்? பொருளாதாரம் என்று ஒன்று இருக்கிறது சார்.

சட்டப்புலி: என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. ஓடும் கூரை. ஒரே ஒரு ஆதாரம் காட்டுங்கள்.

நீராவிப்பித்தன்: நீங்கள் கும்பிடும் சட்டமே ஆதாரம். 1910இல் அதே சாதனச் சட்டத்துக்கு ஒரு துணைச் சட்டம் போட்டார்கள். உறுதியான ஏணி, படி, திறமான கை பிரேக், தேவைப்படும் பெட்டிகளில் கூரைமேல் நடைபலகை, ஏணியுச்சியில் கைப்பிடி எல்லாம் கட்டாயம். எவனும் ஏறாத கூரைக்கு எதற்கு நடைபலகை? அந்தப் பலகை 1960கள் வரை பெட்டிகளில் இருந்தது.

பாலத்துக்கும் குகைக்கும் முன்னால் தண்டவாளத்துக்குக் குறுக்கே வரிசையாகக் கயிறு தொங்கவிட்டிருப்பார்கள். கூரையில் நிற்பவன் முகத்தில் கயிறு அடித்தால் உடனே குனிய வேண்டும். நின்ற ரயிலுக்கு அது எதற்கு?

உச்சியில் ரீடெய்னரைத் திருப்பியதோடு வேலை முடியவில்லை. வட கரோலினாவின் சலூடா மாதிரி 100 அடிக்கு 4.7 அடி இறங்கும் சரிவில் காற்று போதாவிட்டால் கை பிரேக்கையும் முறுக்க வேண்டும். தடியைக் கை பிரேக் சக்கரத்தின் ஆரக்காலில் கொடுத்து நெம்புவார்கள். கொஞ்சம் அதிகமானால் பெட்டியின் சக்கரம் உருளாமல் சறுக்கித் தட்டையாகும். ஒரே பெட்டியில் வெகுநேரம் விட்டுவைத்தால் வார்ப்பிரும்புச் சக்கரம் சூடேறி வெடிக்கும். அதனால் இங்கே தளர்த்தி அங்கே முறுக்கி, பெட்டிக்குப் பெட்டி தாண்டிக்கொண்டே இருக்க வேண்டும். இறங்கும் ரயிலில்.

சட்டப்புலி: நடைபலகை யார்டு வேலைக்கு. சலூடா ஒரு விதிவிலக்கு. ஒரு மலையைக் காட்டி நாட்டையே அளக்கிறீர்கள்.

நீராவிப்பித்தன்: கலிஃபோர்னியாவின் கஹோன் கணவாயும் விதிவிலக்கா? மேற்கே போனால் மலைதான். யார்டுக்கு மட்டும் என்று சட்டத்தில் எந்த வரியில் இருக்கிறது? வரியைக் காட்டுங்கள்.

செம்பருத்தி: கப்ளருக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை.

சட்டப்புலி: முதலில் நான் கேட்டதற்கு நீங்கள் வரியைக் காட்டுங்கள். "தொடாமலேயே" என்று எழுதியிருக்கிறது.