அல்ஹாம்ப்ரா கடைசி எபிசோட்: அந்த ஆள் உயிரோடு இருக்கிறானா, இல்லையா?

மயூர்விஹார்_மீனா எழுதியது:

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் கதை முடிவெல்லாம் வரும். பார்க்காதவர்கள் தாண்டிப் போய்விடுங்கள், அப்புறம் என்னைத் திட்டக் கூடாது.

'மெமரீஸ் ஆஃப் தி அல்ஹாம்ப்ரா' பார்த்து முடித்ததிலிருந்து எரிச்சலாக இருக்கிறது. 2019 ஜனவரியிலேயே கொரியாவில் முடிந்துபோன தொடர், எனக்கு இப்போதுதான் வாய்த்தது. மயூர் விஹாரில் டெல்லி மெட்ரோ ப்ளூ லைன் ஏறி துவாரகாவில் இறங்குவதற்குள் கிட்டத்தட்ட ஒரு எபிசோட் ஓடிவிடும், ஆபீஸ் தூரமாக இருப்பதில் நான் கண்ட ஒரே லாபம் அதுதான்.

கதை தெரியாதவர்களுக்காக: ஸ்பெயினில் கிரானடா நகரம். கண்ணில் லென்ஸ் போட்டுக்கொண்டால் நடுத்தெருவிலேயே வாளோடு எதிரி வந்து நிற்கும் ஒரு கேம். அதை வாங்க வருகிற கம்பெனி முதலாளி யூ ஜின் வூ, அதாவது நம்ம நடிகர் ஹியூன் பின். கேமுக்குள் பழைய கூட்டாளி ஒருவனை வெட்டுகிறான், மறுநாள் பார்த்தால் அவன் நிஜமாகவே செத்துக் கிடக்கிறான். அதற்கப்புறம் லென்ஸைக் கழற்றினாலும் செத்தவன் விடுவதாயில்லை. எங்கிருந்தோ கிட்டார் கேட்கும், இடி இடிக்கும், மழை கொட்டும், வந்துவிட்டான் என்று அர்த்தம். ஹெட்போனில் அந்தக் கிட்டார் கேட்டாலே நான் மெட்ரோவில் திரும்பித் திரும்பிப் பார்த்தேன், பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆண்ட்டி ஒரு மாதிரி பார்த்தார்.

இவ்வளவு நன்றாகக் கட்டிய கதையில், கடைசியில் எம்மா என்கிற கேம் பாத்திரம் ஒரு சாவியை எடுத்து அவன் நெஞ்சில் குத்துகிறாள், அத்தோடு ஆளைக் காணோம். ஒரு வருஷம் கழித்து கேம் வெளியாகி ஊரே விளையாடுகிறது, புகைக்குள் துப்பாக்கியோடு ஒரு உருவம், கதாநாயகி ஹீ ஜூ ஓடி வந்து பார்க்கிறாள், 'முற்றும்' போட்டாச்சு. முகத்தைக்கூடக் காட்டவில்லை! 16 எபிசோட் உட்கார்ந்து பார்த்தவளுக்கு ஒரு நிழல்தானா?

கேட்க வந்தது இதுதான். இப்படி 'நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்' என்று விடுகிற முடிவு உங்களுக்கு எந்தத் தொடரில் சரியாகப் பட்டது, எதில் ஆத்திரம் வந்தது? சும்மா பிடித்தது பிடிக்கவில்லை என்று போகாமல் ஏன் என்றும் சொல்லுங்கள்.

ஜேஎன்யூ_கொரியன்காரி எழுதியது:

அக்கா, ஜின் வூ உயிரோடுதான் இருக்கிறான். ஹீ ஜூவின் தம்பி சே ஜூ எப்படித் தப்பினான் என்று பாருங்கள். கேமுக்குள்ளேயே ஒரு ரகசிய அறையை உண்டாக்கிக்கொண்டு ஒரு வருஷம் அதற்குள் ஒளிந்திருந்துவிட்டு வெளியே வந்தான். மாஸ்டர் நிலைக்கு வந்தவர்களுக்கு அது முடியும் என்று கதையிலேயே வருகிறது, ஜின் வூவும் மாஸ்டர்தான். அதனால்தான் ஹீ ஜூ அவ்வளவு நம்பிக்கையாகக் காத்திருக்கிறாள். முகத்தைக் காட்டவில்லையே தவிர விடையைக் கொடுத்துவிட்டார்கள்.

இன்னொன்று, இதை எழுதிய சாங் ஜே ஜுங்குக்கு இது வழக்கம். 2013இல் அவர் எழுதிய 'நைன்' பார்த்திருக்கிறீர்களா? ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தினால் அது எரிந்து முடிகிற வரை 20 வருஷம் பின்னால் போகலாம், மொத்தம் 9 பத்திதான். அதிலும் கடைசியில் இமயமலையில் நிற்கிற ஆள் யார், எந்தக் காலத்தவன் என்று இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள். அவருடைய 'டபிள்யூ' 2016இல் வந்தது, காமிக்ஸுக்குள்ளிருந்து ஹீரோ வெளியே வருகிற கதை, அங்கே கொஞ்சம் தெளிவாக முடித்தார், ஆனாலும் வழியில் எனக்குத் தலை சுற்றியது.

கரோல்பாக்_பழசு எழுதியது:

தங்கச்சி சொல்கிற லாஜிக் சரி. ஆனால் முடிவை வகுப்பு எடுத்து விளக்க வேண்டியிருந்தால் அது என்ன முடிவு? பந்தியில் உட்கார வைத்து, பாயசம் வருவதற்குள் இலையை எடுத்த கதைதான்.

கொரியத் தொடர்கள் பெரும்பாலும் 16 எபிசோட், வாரத்துக்கு இரண்டு. முன்பெல்லாம் ஒளிபரப்பு ஒரு பக்கம் ஓட, படப்பிடிப்பு இன்னொரு பக்கம் ஓடும், கடைசி வாரத்தில் அன்றன்றைக்கு எழுதிய தாள்கள் சூடாக வந்து சேரும், நடிகர்கள் தூங்காமல் நடிப்பார்கள். முடிவு குழம்பிப் போனதற்குப் பாதிக் காரணம் அதுவாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. இப்போது நிறையத் தொடர்களை முன்கூட்டியே எடுத்து முடித்துவிடுகிறார்கள், அதனால் அந்தச் சாக்கும் செல்லாது.

எனக்கு ஆத்திரம் வந்தது 'ரீபார்ன் ரிச்', 2022. ஒரு பெரிய தொழில் குடும்பத்துக்கு எடுபிடியாக இருந்தவனைக் கொன்றுவிடுகிறார்கள், 1987இல் அதே குடும்பத்தின் கடைசிப் பேரனாக விழிக்கிறான். தாத்தாவும் பேரனும் மோதிக்கொள்கிற காட்சிகளை நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன், அப்படி ஒரு நடிப்பு. மூல நாவலில் அவன் பேரனாகவே இருந்து கம்பெனியைப் பிடிக்கிறான். தொடரில் பேரனை லாரி விபத்தில் கொன்றுவிட்டு, பழைய ஆளை எழுப்பி உட்கார வைத்து, நடந்ததெல்லாம் ஒரு பரிகாரம் என்கிற தொனியில் பேச வைத்தார்கள். அப்படியானால் அத்தனை வருஷம் நடந்தது கனவா, நிஜமா, அந்தத் தாத்தாவுக்கு இப்படி ஒரு பேரன் இருந்தானா? ஒன்றுக்கும் ஒழுங்கான பதில் இல்லை. வேடிக்கை என்னவென்றால் அந்தத் தொடரிலேயே அதிக ரேட்டிங் அந்தக் கடைசி எபிசோடுக்குத்தான், 26 சதவீதத்துக்கு மேல். திட்டுவதற்காகவாவது எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

இது புதுசும் இல்லை. 2004இல் 'லவ்வர்ஸ் இன் பாரிஸ்', கொரியாவில் பாதி வீட்டில் அதுதான் ஓடியது, ரேட்டிங் 50 சதவீதத்தைத் தாண்டியது. கடைசியில் பார்த்தால் இவ்வளவும் கதாநாயகி எழுதிய திரைக்கதையாம்! எழுதிய கிம் யுன் சூக் பின்னாளில் 'காப்ளின்' எல்லாம் எழுதி எங்கேயோ போய்விட்டார், ஆனால் அந்த முடிவை வைத்து அவரை இன்னும் கிண்டல் செய்கிறார்கள்.

ஆர்கேபுரம்_மலைமந்திர் எழுதியது:

பழசு சார், நீங்கள் சொல்கிற இரண்டும் தெளிவில்லாத முடிவே இல்லை. 'எல்லாம் கதை', 'எல்லாம் பரிகாரம்' என்று தெளிவாகத்தான் சொன்னார்கள், உங்களுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். பார்த்ததை எல்லாம் கடைசியில் செல்லாது என்று அடிப்பது ஏமாற்று. விடையைச் சொல்லாமல் விடுவது வேறு சமாசாரம்.

சொல்லாமல் விட்டு ஜெயித்தது என்றால் எனக்கு 'சிக்னல்', 2016. ராத்திரி 11:23க்கு உயிர் வருகிற ஒரு பழைய வாக்கிடாக்கி, இந்தப் பக்கம் 2015இல் ஒரு போலீஸ்காரர், அந்தப் பக்கம் பல வருஷத்துக்கு முன்னால் இன்னொருவர். கடந்த காலத்தில் ஒன்றைத் திருத்தினால் நிகழ்காலத்தில் வேறு எவரோ சாகிறார்கள். கடைசியில் இரண்டு பேர் காரில் மூன்றாமவரைத் தேடிப் போகிறார்கள், சந்தித்தார்களா என்று காட்டவில்லை. எனக்கு ஒரு குறையும் தோன்றவில்லை, ஏனென்றால் அந்தத் தொடர் முதல் எபிசோடிலிருந்து கேட்டது 'விட்டுவிடாமல் தேடினால் ஏதாவது மாறுமா' என்பதைத்தான். அதற்குப் பதில் சொல்லிவிட்டார்கள், மூன்று பேரும் கட்டிப்பிடித்து அழுவதைக் காட்டித்தான் ஆகவேண்டும் என்று இல்லை.

இதில் ஒரு விஷயம். அதில் வருகிற ஒரு வழக்கு ஹ்வாசோங் தொடர் கொலைகளை வைத்து எழுதியது. 1986 முதல் 1991 வரை நடந்த கொலைகள், தொடர் வந்தபோது குற்றவாளி யார் என்று ஒருவருக்கும் தெரியாது. 2019இல் டிஎன்ஏ வைத்துக் கண்டுபிடித்தார்கள், ஆள் வேறொரு கொலைக்காக 1994இலிருந்து ஜெயிலுக்குள்ளேயே இருந்திருக்கிறான்! அதைப் படித்த அன்றைக்கு எனக்கு 'சிக்னல்' எழுதிய கிம் யுன் ஹீயின் ஞாபகம்தான் வந்தது.

'மை லிபரேஷன் நோட்ஸ்' கடைசியும் சொல்ல வேண்டும். மிஸ்டர் கு குடியை விடுவாரா, மாட்டாரா? வாங்கிய பாட்டிலை ஓரத்தில் கிடக்கிற ஒருவரிடம் விட்டுவிட்டு வருகிறார். அப்போது ஒரு 500 வோன் காசு கை தவறி உருண்டு சாக்கடை மூடி மேல் போய் விழுகிறது, உள்ளே விழாமல் கம்பியில் அப்படியே நிற்கிறது. குனிந்து எடுத்துக்கொண்டு சிரித்தபடி நடக்கிறார். குடியை விட்டாரா என்று எவரும் சொல்லவில்லை, எனக்குத் தெரிந்துவிட்டது. அதே பார்க் ஹே யங் எழுதிய 'மை மிஸ்டர்' இதைவிட ஒரு படி மேல், ஆனால் அதை ஆரம்பித்தால் நான் நிறுத்த மாட்டேன்.

ஜனக்புரி_அம்மா எழுதியது:

சீனத் தொடர் பார்க்கிறவர்கள் ஒருவரும் இல்லையா இங்கே? 'மூன் லவ்வர்ஸ்' பார்த்து அழுத பிள்ளைகள் எல்லாம் அதன் மூலத்தையும் பாருங்கள், 'பு பு ஜிங் ஷின்', 2011. இந்தக் காலத்துப் பெண் பழைய அரண்மனைக்குள் போய் விழுகிறாள், இளவரசர்கள், சண்டை, நாலாவது இளவரசன்மேல் காதல். திரும்பி வந்தபின் மியூசியத்தில் பழைய ஓவியம் ஒன்றைப் பார்க்கிறாள், அதில் தானும் இருக்கிறாள். திரும்பினால் அந்த நாலாவது இளவரசன் முகத்தோடு ஒருவன் நிற்கிறான். அவனுக்கு இவளை யாரென்றே தெரியாது, குழப்பமாக ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விடுகிறான். அவனா, வேறு ஆளா? எனக்கு அந்த ஒரு பார்வை போதும்.

கொரிய ரீமேக்கில் அந்த ஆளையும் எடுத்துவிட்டார்கள். அவள் ஓவியத்தின் முன்னால் அழுகிறாள், ராஜா அரண்மனையில் தனியாக நடந்தபடி, நாம் ஒரே உலகத்தவர்கள் இல்லை என்றால் நானே உன்னைத் தேடி வருவேன் என்கிறான். வந்தானா? 2016இலிருந்து என் பெண் இரண்டாம் பாகம் கேட்டுக்கொண்டிருக்கிறாள். சீனத்தில் ஜோடியாக நடித்த அந்த இருவரும் நிஜ வாழ்க்கையில் கல்யாணமே செய்துகொண்டார்கள், அதையே முடிவாக வைத்துக்கொள் என்று நான் அவளுக்குச் சொல்வேன்.

திலக்நகர்_சும்மா எழுதியது:

நம்ம ஊர் சீரியலுக்கு முடிவே கிடையாது, இவர்கள் முடிவு புரியவில்லை என்று அழுகிறார்கள். 'கோலங்கள்' 1500 எபிசோடுக்கு மேல், 2003இல் ஆரம்பித்து 2009 வரை. 'எதிர்நீச்சல்' 2024 ஜூனில் முடிந்தது, டிசம்பரில் இரண்டாம் பாகம் வந்தாச்சு. 16 எபிசோடில் கடையைச் சாத்துகிறார்களே, அதற்கே கோயில் கட்டலாம்.

மயூர்விஹார்_மீனா எழுதியது:

சும்மா, உங்கள் பேருக்கு ஏற்ற பதில் :)

மலைமந்திர் சொன்னது எனக்குப் பிடிபடுகிறது. அதை வைத்துப் பார்த்தால் அல்ஹாம்ப்ராமேல் என் கோபம் இன்னும் கூடுகிறது. முதல் எபிசோடிலிருந்து அது கேட்டது என்ன? கேமில் செத்தவன் ஏன் நிஜத்திலும் சாகிறான்? அதற்குத்தான் கடைசிவரை பதில் இல்லை. பிழை, பிழையை அழிக்கச் சாவி என்று முடித்துவிட்டார்கள், லென்ஸ் போடாதவன் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது, உடம்பில் ஏன் ரத்தம் போகிறது, ஒன்றும் கிடையாது. கொரியன்காரி சொல்கிற ரகசிய அறை எல்லாம் இரண்டாவது கேள்விக்கான விடை. இடையில் விளம்பரத்துக்காக நுழைத்த சாண்ட்விச் கடைக்கு மட்டும் நேரம் இருந்தது.

சரி, 'ட்வென்டி ஃபைவ் ட்வென்டி ஒன்' எந்தக் கணக்கு? கதாநாயகி ஹீ டோவின் புருஷன் முகத்தைக் கடைசிவரை காட்டவில்லை.

ஜேஎன்யூ_கொரியன்காரி எழுதியது:

அது வேறு அக்கா. மகள் பேர் கிம் மின் சே, குடும்பப் பேர் பேக் இல்லை, அதனால் அப்பா, ஹீ டோ காதலித்த பேக் யி ஜின் கிடையாது என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஒளிபரப்பு நடந்த 2022இல் அதை நம்ப மாட்டோம் என்று ரசிகர்கள் யி ஜினுக்குப் பேர் மாற்றி வைத்து, தத்துக் கொடுத்து, என்னென்னவோ கதை கட்டினார்கள். தொடர் ஒளித்து வைக்கவில்லை, நாம்தான் ஏற்றுக்கொள்ளவில்லை. புருஷன் யார் என்பது அந்தக் கதைக்குத் தேவையே இல்லை என்பது என் கட்சி. சுரங்கப்பாதையில் சரியாக விடைபெறாமல் போன இரண்டு பேர், வருஷங்கள் கழித்து அவள் மனசுக்குள் அதைத் திருத்திக்கொள்கிறாள், அங்கே முடிந்துவிட்டது.

கரோல்பாக்_பழசு எழுதியது:

முடிந்துவிட்டதாம். கடற்கரைக்கு நண்பர்கள் ஐந்து பேரும் போன அந்த நாளே தனக்கு ஞாபகம் இல்லை என்று பெரியவளான ஹீ டோ மகளிடம் சொல்கிறாளே, அதை எப்படி மன்னிப்பது? அந்த எபிசோடுக்கு அப்புறம் நான் அவளோடு பேச்சே இல்லை.

மீனா, அடுத்து 'சிக்னல்' ஆரம்பியுங்கள். ராத்திரி மட்டும் பார்க்காதீர்கள், 11:23க்கு வீட்டில் எவராவது போன் செய்தால் உங்களுக்குத்தான் கஷ்டம்.